ஆட மறுத்தவரும் உடன் அமர்ந்தவரும்

(உடற்கல்வித் துறையின் ஆண்டு அறக்கட்டளைச் சொற்பொழிவு, எழுத்து வடிவில்)



விளையாட்டைப் பற்றிய சொற்பொழிவு என்றால் ஆடிய ஆட்டங்களைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நான் ஆடாமல் விட்ட சில ஆட்டங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நிறவெறிக்கு எதிராக 'இன்று களமிறங்க மாட்டேன்' என்று சொன்ன தொழில்முறை வீரர்களைப் பற்றியது இந்தப் பேச்சு. அவர்களுடைய துணிச்சலை வாழ்த்திவிட்டு அமர்ந்துவிடலாம். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் அவர்கள் எதை எல்லாம் எடைபோட்டார்கள், யார் தயங்கினார்கள், முதலில் ஒருவர் உட்கார்ந்தபோது பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2020 ஆகஸ்ட் 26, புதன்கிழமை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரை ஒட்டிய வால்ட் டிஸ்னி வேர்ல்டு வளாகம். கொரோனாவால் மார்ச் 11 அன்று நின்றுபோன என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டிகளை ஜூலை 30 முதல் அங்கே மீண்டும் நடத்திக்கொண்டிருந்தார்கள். 22 அணிகள், வெளியாள் யாரும் நுழைய முடியாத வளையம், பார்வையாளர் கிடையாது. ஜார்ஜ் ஃபுளாய்டு என்ற கறுப்பர் மினியாபொலிஸில் போலீசாரால் கொல்லப்பட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. 'கறுப்பர் உயிரும் உயிரே' என்ற பொருளில் போலீஸ் வன்முறையை எதிர்த்த இயக்கத்தின் முழக்கத்தை ஆடுகளத்தின் தரையிலேயே எழுதியிருந்தார்கள். வீரர்கள் தங்கள் பனியனின் முதுகில் பெயருக்குப் பதிலாக ஒரு வாசகத்தை அச்சிட்டுக்கொள்ள அனுமதி இருந்தது. ஆனால் லீக் நிர்வாகம் ஒப்புக்கொண்ட பட்டியலிலிருந்துதான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அன்று மாலை 4 மணிக்கு மில்வாக்கி பக்ஸ் அணிக்கும் ஆர்லாண்டோ மேஜிக் அணிக்கும் முதல் சுற்றின் ஐந்தாவது ஆட்டம். பக்ஸ் 3-1 என்று முன்னிலையில் இருந்தது. இன்னும் ஒரு வெற்றி கிடைத்தால் அடுத்த சுற்று. மேஜிக் வீரர்கள் களத்தில் பந்தெறிந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே கடிகாரத்தில் நேரம் இறங்கிக்கொண்டே வந்தது. எதிர்ப்புறம் காலியாகவே கிடந்தது. ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்களே இருக்கையில் மேஜிக் வீரர்களும் களத்தை விட்டு உள்ளே போய்விட்டார்கள். பக்ஸ் வீரர்கள் தங்கள் அறையை விட்டு வெளியே வரவே இல்லை.

மூன்று நாள் முன்னால், விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷா நகரில் ஜேக்கப் பிளேக் என்ற 29 வயதுக் கறுப்பரைப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டிருந்தார். காரின் கதவைத் திறந்து உள்ளே ஏற முயன்றவரை, பின்னாலிருந்து, ஏழு முறை. காருக்குள் அவருடைய பிள்ளைகள் இருந்தார்கள். எதிர்ப்புறத்திலிருந்து ஒருவர் செல்பேசியில் எடுத்த படத்தை நாடே பார்த்தது. பிளேக் பிழைத்தார், இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது. கெனோஷாவிலிருந்து மில்வாக்கி ஏறத்தாழ 65 கிலோமீட்டர். பக்ஸ் வீரர்களுக்கு இது சொந்த ஊர்ச் செய்தி.

முதலில் மறுத்தவர் ஜார்ஜ் ஹில். அப்போது அவருக்கு வயது 34. அணியின் நட்சத்திரம் யானிஸ் அண்டெட்டகும்போ. ஹில் பெஞ்சிலிருந்து மாற்று ஆளாக இறங்குகிறவர். ஆட்டத்துக்குச் சற்று முன்னர்தான், தான் ஆடப்போவதில்லை என்று சொன்னார். மற்றவர்களை ஆட வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. அடுத்து, தானும் அவரோடு இருப்பதாகச் சொன்னவர் ஸ்டெர்லிங் பிரவுன். அதன்பின் ஒருவர், இன்னொருவர் என்று மொத்த அணியும் அறையிலேயே இருந்துவிட்டது.

ஸ்டெர்லிங் பிரவுன் ஏன் அவ்வளவு சீக்கிரம் முன்வந்தார் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2018 ஜனவரியில், மில்வாக்கியில், பின்னிரவு 2 மணி வாக்கில் ஒரு மருந்துக்கடை வாசலில் அவர் காரை நிறுத்தியிருந்தார். மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தின் குறுக்கே நிறுத்தியிருந்தார்; அது தவறுதான், அபராதச் சீட்டோடு முடிந்திருக்க வேண்டிய தவறு. ஒரு போலீஸ்காரர் பேச்சைத் தொடங்கினார், மேலும் பல போலீஸ் வண்டிகள் வந்து சேர்ந்தன. சட்டைப்பையில் இருந்த கையை எடுக்கச் சொன்னார்கள். அடுத்த கணம் அவரைத் தரையில் அழுத்தி மின்னதிர்ச்சித் துப்பாக்கியால் தாக்கினார்கள். ஒருவர் அவருடைய கணுக்காலின் மீது பூட்ஸ் காலை வைத்து நின்றார். கூடைப்பந்து ஆடுகிறவனுக்குக் கணுக்கால் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவும் போலீசாரின் உடலில் பொருத்திய கேமராவிலேயே பதிவாகியிருக்கிறது. பிரவுன் வழக்குப் போட்டார். நகர நிர்வாகம் 2019-ல் 4 லட்சம் டாலர் தந்து முடித்துக்கொள்ளப் பார்த்தது, அவர் வாங்கவில்லை. 2021-ல் 7.5 லட்சம் டாலரோடு, அவருடைய குடிமை உரிமைகள் மீறப்பட்டன என்ற ஒப்புதலையும் எழுத்தில் வாங்கினார். ஆக, அந்த ஆகஸ்ட் மாலையில் அவர் பிளேக்கைப் பற்றிய படத்தைப் பார்த்தபோது அவருக்குள் என்ன ஓடியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

அறைக்குள் அவர்கள் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தார்கள். வெளியே செய்தியாளர்கள் காத்திருந்தார்கள். உள்ளே இருந்தபடியே விஸ்கான்சின் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் ஜோஷ் காலையும் துணை ஆளுநர் மண்டேலா பார்ன்ஸையும் தொலைபேசியில் பிடித்துப் பேசினார்கள். நாங்கள் எதைக் கேட்டால் உண்மையில் ஏதாவது நகரும் என்று விசாரித்தார்கள். வெளியே வந்து ஹில்லும் பிரவுனும் படித்த அறிக்கையில் அதனால்தான் ஒரு தெளிவு இருந்தது. மாதக்கணக்கில் கூடாமலிருக்கும் மாநிலச் சட்டமன்றம் கூட வேண்டும். போலீஸ் பொறுப்புடைமை, குற்றவியல் சீர்திருத்தம் பற்றி முடிவெடுக்க வேண்டும். மக்கள் நவம்பர் 3 அன்று வாக்களிக்க வேண்டும். கோபம் இருந்தது, முகவரியும் இருந்தது. கேட்கிற பொருளைத் தரக்கூடியவர் யாரோ அவரிடமே கேட்டார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீரர்கள் சங்கத்துக்கும் லீக்குக்கும் இடையிலான ஒப்பந்தத்தில், அது நடப்பில் இருக்கும்வரை வேலைநிறுத்தம் கூடாது என்று இருக்கிறது. பக்ஸ் வீரர்கள் செய்தது அந்த ஒப்பந்தத்தை மீறிய செயல். ஆட்டத்தை மேஜிக் வென்றதாக அறிவிக்கவும் லீக்குக்கு இடமிருந்தது. ஆனால் அப்படி ஒரு வெற்றியை ஏற்க மேஜிக் வீரர்கள் தயாராக இல்லை. சற்று நேரத்தில் அன்றைய மற்ற இரண்டு ஆட்டங்களின் வீரர்களும் இறங்க மறுத்தார்கள். மூன்று ஆட்டங்களும் ஒத்திவைக்கப்பட்டதாக லீக் அறிவித்தது. மறுநாள் நடுவர்கள் அந்த வளாகத்துக்குள்ளேயே ஊர்வலம் போனார்கள். எல்லோரும் சேர்ந்துவிட்ட இடத்தில் யாரைத் தண்டிப்பது?

இப்போது பின்னோக்கிப் போகலாம். அந்த மாலையின் புதுமை எது என்பது பழைய கதைகளைத் தெரிந்துகொண்டால்தான் புரியும்.

1959 ஜனவரி. மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியில் எல்ஜின் பெய்லர் என்ற புதுமுகம். மேற்கு விர்ஜினியாவின் சார்ல்ஸ்டனில் ஆட்டம். ஊருக்குப் போய் இறங்கினால், கறுப்பர்களுக்கு அறை தர முடியாது என்று ஓட்டல்காரர் சொல்லிவிட்டார். அணி முழுவதும் வேறு விடுதிக்கு மாறியது. ஆனாலும் பெய்லர் ஆட மறுத்தார். அணியில் ஹண்ட்லி என்ற வெள்ளைக்கார வீரர் அதே ஊர்க்காரர். தன் ஊர் மக்கள் முன்னால் ஆட வேண்டும் என்ற ஆசை அவருக்கு. பெய்லரிடம் வந்து கெஞ்சினார். பெய்லர் தன் மனதில் இருந்ததைச் சொன்னதும், அப்படியென்றால் ஆடாதே என்று சொல்லிவிட்டு ஹண்ட்லி எழுந்துபோனார். போய், களத்தில் இறங்கி ஆடினார். பெய்லர் சாதாரண உடையில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஹண்ட்லியை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் வந்ததே பெரிது. ஆனால் உடன் உட்காரவில்லை என்பதும் உண்மை.

1961 அக்டோபர், கென்டக்கியின் லெக்சிங்டன். பாஸ்டன் செல்டிக்ஸ் ஒரு காட்சி ஆட்டத்துக்காகப் போயிருந்தது. அணியின் கறுப்பின வீரர்களான சாம் ஜோன்ஸும் சாட்ச் சாண்டர்ஸும் தங்கியிருந்த ஓட்டலின் காபிக்கடையில் சாப்பிடப் போனார்கள். உங்களுக்குப் பரிமாற மாட்டோம் என்றார்கள். பில் ரஸ்ஸல், அணியின் தூண், விஷயத்தைக் கேட்டதும் ஊருக்குத் திரும்ப முடிவெடுத்தார். செல்டிக்ஸின் கறுப்பின வீரர்கள் அனைவரும் கிளம்பினார்கள். எதிரணியான செயின்ட் லூயிஸ் ஹாக்ஸின் கறுப்பின வீரர்களும் ஆடவில்லை. பயிற்சியாளர் ரெட் அவர்பாக் முதலில் அவர்களைத் தடுத்துப் பார்த்தார், பிறகு தானே விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். ஆட்டம்? நடந்தது. இரண்டு அணிகளிலும் மீதமிருந்த வெள்ளைக்கார வீரர்கள் ஆடி முடித்தார்கள். கென்டக்கிக்காரரான ஃபிராங்க் ராம்சி பிறகு மன்னிப்புக் கேட்டார். 59 ஆண்டுகள் கழித்து பக்ஸ் வீரர்கள் உட்கார்ந்தபோது, 86 வயது ரஸ்ஸல் இந்த லெக்சிங்டன் ஆட்டத்தை நினைவுகூர்ந்து அவர்களுக்கு ஆதரவு தெரிவித்தார்.

1965 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் அமெரிக்கக் கால்பந்தின் நட்சத்திர ஆட்டம் ஒன்று நடக்கவிருந்தது. நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம் கையெழுத்தாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. அங்கே வந்திறங்கிய கறுப்பின வீரர்களை டாக்சிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரவு விடுதிகளின் வாசலில் திருப்பி அனுப்பினார்கள். 21 பேரும் கூடி, இங்கே ஆடுவதில்லை என்று தீர்மானித்தார்கள். ரான் மிக்ஸ் என்ற வெள்ளைக்கார வீரர் அவர்களுடைய மனதை மாற்ற வந்தார். தங்கி ஆடினால் அது இன்னும் பெரிய எதிர்ப்பாக இருக்காதா என்பது அவருடைய வாதம். அவர்கள் மசியவில்லை. அப்படியானால் நானும் உங்களோடு கிளம்புகிறேன் என்று அவர் முடித்தார். ஆட்டத்தையே ஹூஸ்டனுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. தொழில்முறை அணி ஒன்றுக்காக ஏங்கிக்கொண்டிருந்த நியூ ஆர்லியன்ஸுக்கு அது நல்ல அடி.

1959-ல் ஒருவர் தனியாக. 1961-ல் கறுப்பர்கள் மட்டும். 1965-ல் சில வெள்ளையரும். 2020-ல் மொத்த அணியும், எதிரணியும், நடுவர்களும். இந்த வளர்ச்சி தானாக வந்துவிடவில்லை. பக்ஸ் அணியில் அன்று கைல் கோர்வர் என்ற வெள்ளைக்கார வீரர் இருந்தார். 2019-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். 2015-ல் அவருடைய அட்லாண்டா அணித் தோழர் தாபோ செஃபலோஷாவின் காலை நியூயார்க் போலீசார் உடைத்தார்கள். செய்தி கேட்டதும் தன் மனதில் முதலில் எழுந்த கேள்வி, அந்த நேரத்தில் தாபோவுக்கு அங்கே என்ன வேலை என்பதுதான் என்று கோர்வர் அதில் எழுதியிருக்கிறார். நண்பனின் கால் உடைந்து கிடக்கையில் நண்பன்மீதே சந்தேகப்பட்ட தன் மனதை ஊரறிய எடுத்து வைத்தார். அப்படி யோசித்து முடித்த ஒருவர் அறையில் இருக்கும்போது, ஜார்ஜ் ஹில் பக்கத்தில் ஆள் இல்லாமல் உட்கார வேண்டியிருக்காது.

ஆனால் ஆகஸ்ட் 26-ஐ மட்டும் பார்த்தால் கதை மிக நேராக இருப்பதுபோலத் தெரியும். ஜூன் மாதத்துக்குப் போக வேண்டும். ஆட்டங்களை மீண்டும் தொடங்கலாமா என்ற பேச்சு நடந்தபோது, புரூக்ளின் அணியின் கைரி இர்விங் 80-க்கும் மேற்பட்ட வீரர்களைத் தொலைபேசிக் கூட்டத்தில் ஒன்றுசேர்த்தார். தெருவெல்லாம் மக்கள் நிற்கும் நேரத்தில் நாம் போய்ப் பந்தாடினால், நாட்டின் கவனம் நம் பக்கம் திரும்பிவிடாதா என்று கேட்டார். லேக்கர்ஸின் ஏவரி பிராட்லியும் அந்தப் பக்கம் நின்றார். பிறகு மகனின் உடல்நிலை கருதி அவர் போகவே இல்லை. எதிர்த்தரப்பும் வலுவானது. ஆடினால் சம்பளம் வரும், அந்தப் பணத்தை இயக்கத்துக்குக் கொடுக்கலாம். கேமரா முன்னால் நின்று பேசலாம். வீட்டில் உட்கார்ந்தால் யார் கேட்பார்கள் என்றார்கள்.

பணத்தைப் பற்றி இங்கே வெளிப்படையாகப் பேச வேண்டும். கோடீஸ்வரர்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பருவத்தில் லேக்கர்ஸின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸின் சம்பளம் 3.7 கோடி டாலர். அதே லீக்கில் புதுமுகம் ஒருவரின் குறைந்தபட்சச் சம்பளம் 9 லட்சம் டாலருக்கும் சற்றுக் கீழே. அதுவும் பெரிய தொகைதான். ஆனால் பலருக்கு அங்கே ஆயுசு மூன்று, நான்கு பருவங்கள். அதற்குள் ஒரு குடும்பத்தையே மேலேற்றியாக வேண்டும். மேலும், கொரோனாவைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தையே ரத்து செய்யும் உரிமை அணி உரிமையாளர்களுக்கு இருந்தது. பருவம் பாதியில் நின்றால் அதைப் பயன்படுத்தலாம். அடி விழுந்தால் பெஞ்சின் கடைசியில் இருப்பவனுக்குத்தான் முதலில் விழும். 'நான் ஆடுகிறேன்' என்று ஜூனில் சொன்னவர்களை நான் கோழைகள் என்று சொல்ல மாட்டேன். தயங்கிய மனிதன் கணக்குப் பார்க்கிறான். தன் குடும்பத்துக்காகக் கணக்குப் பார்க்கும் உரிமை கறுப்பின வீரனுக்கும் உண்டு.

26-ஆம் தேதி இரவு ஓட்டலில் எல்லா அணி வீரர்களும் கூடியபோது இந்தச் சண்டை மறுபடி வெடித்தது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏன் செய்தீர்கள் என்று பக்ஸ் வீரர்களைச் சிலர் கேட்டார்கள். அவர்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லை என்று பாஸ்டனின் ஜெய்லன் பிரவுன் எழுந்து நின்றார். கைதூக்கிக் கேட்டபோது லேக்கர்ஸும் கிளிப்பர்ஸும் பருவத்தையே முடித்துவிடலாம் என்றன. மற்ற அணிகள் தொடர வேண்டும் என்றன. அன்றிரவு லெப்ரான் ஜேம்ஸும் சங்கத் தலைவர் கிறிஸ் பாலும் முன்னாள் அதிபர் ஒபாமாவிடம் ஆலோசனை கேட்டார்கள். காலையில், தொடருவது என்று முடிவாயிற்று. 29-ஆம் தேதி ஆட்டங்கள் மீண்டும் தொடங்கின.

திரும்பி ஆடியது தவறில்லை என்பதே என் கருத்து. எனக்கு வருத்தம் வேறு இடத்தில். புதன்கிழமை அந்த அறைக்குள்ளிருந்து வந்த கோரிக்கை ஒரு சட்டமன்றத்தை நோக்கி இருந்தது. வெள்ளிக்கிழமை லீக்கும் வீரர்கள் சங்கமும் எட்டிய உடன்பாட்டில் இருந்தவை: சமூக நீதிக்கான ஒரு கூட்டமைப்பு, வாக்களிக்கச் சொல்லும் விளம்பரங்கள், அணிகளுக்குச் சொந்தமான அரங்குகளைத் தேர்தல் பணிக்குத் திறந்துவிடுதல். எல்லாம் நல்லவை. உரிமையாளர்கள் சிரமமில்லாமல் தரக்கூடியவையும் அவைதான். அட்லாண்டாவின் ஸ்டேட் ஃபார்ம் அரங்கு ஜார்ஜியாவின் மிகப் பெரிய முன்கூட்டிய வாக்குப்பதிவு மையம் ஆனது. மில்வாக்கியில் பக்ஸின் சொந்த அரங்கையும் அப்படித் திறக்கத் திட்டமிட்டிருந்தார்கள். சட்டச் சிக்கல் வரும் என்ற பயத்தில் நகரத் தேர்தல் ஆணையம் செப்டம்பரிலேயே அதைக் கைவிட்டது. சட்டமன்றம்? ஆளுநர் டோனி எவர்ஸ் ஆகஸ்ட் 31 அன்று சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சியினர் அதைத் தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் விவாதமின்றி ஒத்திவைத்தார்கள். போலீசார் கழுத்தை இறுக்கிப் பிடிக்கும் முறைக்குத் தடை, அதுவும் விதிவிலக்குகளோடு, அடுத்த ஆண்டுதான் சட்டமானது. பிளேக்கைச் சுட்டவர்மீது வழக்கில்லை என்று 2021 ஜனவரியில் அரசு வழக்குரைஞர் அறிவித்தார்.

பெண்களைப் பற்றி நான் இன்னும் பேசவில்லை. உண்மையில் முதலில் பேசியிருக்க வேண்டியவர்கள் அவர்கள். அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக் நிறவெறியை எதிர்த்துத் தேசிய கீதத்தின்போது எழாமல் உட்கார்ந்தது 2016 ஆகஸ்டில். அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூலையில், மினசோட்டா லிங்க்ஸ் பெண்கள் அணி போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானவர்களின் பெயர்களைச் சட்டையில் அணிந்து களத்துக்கு வந்தது. அரங்கக் காவலுக்கு வந்திருந்த, பணிநேரத்தில் இல்லாத போலீசார் நால்வர் வேலையை விட்டு வெளியேறினார்கள். அடுத்தடுத்து கறுப்புச் சட்டை அணிந்த வேறு மூன்று அணிகளுக்கு லீக் அபராதம் போட்டது: அணிக்கு 5,000 டாலர், வீராங்கனைக்கு 500. அவர்கள் அதற்கும் பணியவில்லை. செய்தியாளர் கூட்டத்தில் கூடைப்பந்து பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார்கள். சில நாளில் அபராதம் திரும்பப் பெறப்பட்டது.

இவர்களுடைய சம்பளத்தையும் கேளுங்கள். 2020-ல் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.-வில் ஒரு வீராங்கனை வாங்கக்கூடிய அதிகபட்சமே 2.15 லட்சம் டாலர். ஆண்கள் லீக்கின் கடைநிலைச் சம்பளத்தில் கால் பங்கு. பலர் பருவம் முடிந்ததும் ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் போய் ஆடித்தான் சமாளித்தார்கள். அப்படியிருந்தும் முழுப் பருவத்தையே விட்டவர்கள் அங்கேதான் இருந்தார்கள். மாயா மூர், நான்கு முறை பட்டம் வென்றவர், தன் உச்சத்தில் 2019, 2020 பருவங்களை விட்டுவிட்டு, செய்யாத குற்றத்துக்கு 50 ஆண்டு தண்டனை பெற்றிருந்த ஜொனாதன் அயர்ன்ஸ் என்பவரின் விடுதலைக்காக உழைத்தார். 2020 ஜூலை 1 அன்று அயர்ன்ஸ் சிறையிலிருந்து வெளியே வந்தார். வாஷிங்டன் மிஸ்டிக்ஸின் நட்டாஷா கிளவுட் சமூக நீதிப் பணிக்காக 2020 பருவத்தைத் துறந்தார். அவருடைய சம்பளத்தை அவருக்குக் காலணி வழங்கும் நிறுவனம் ஈடுகட்டியது. இப்படி விலகியவர்களுக்காக கைரி இர்விங் 15 லட்சம் டாலர் ஒதுக்கினார். உடன் உட்காருவதற்கு இதுவும் ஒரு வழி.

ஆகஸ்ட் 26 அன்று, ஃபுளோரிடாவின் பிராடென்டனில் இதேபோன்ற வளையத்துக்குள் ஆடிவந்த பெண்கள் அணிகளும் ஆடவில்லை. மிஸ்டிக்ஸ் அணியினர் வெள்ளைச் சட்டையில் ஆளுக்கொரு எழுத்தாக ஜேக்கப் பிளேக்கின் பெயரைத் தாங்கி நின்றார்கள். திரும்பினால் ஒவ்வொரு முதுகிலும் ஏழு துளைகள் வரைந்திருந்தன. அதே பருவத்தில் அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். அட்லாண்டா டிரீம் அணியின் உரிமையாளர்களில் ஒருவராக இருந்த கெல்லி லெஃப்லர் அப்போது ஜார்ஜியாவின் செனட்டர். லீக் 'கறுப்பர் உயிரும் உயிரே' இயக்கத்தை ஆதரிப்பதை எதிர்த்துக் கடிதம் எழுதியவர். வீராங்கனைகள் அவருடைய பெயரைச் சொல்லித் திட்டுவதை நிறுத்தினார்கள். தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ரஃபேல் வார்னாக்கோடு காணொளியில் பேசி, அவருடைய கொள்கைகளை விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஆகஸ்ட் தொடக்கத்தில் அவருக்கு வாக்களிக்கச் சொல்லும் சட்டையோடு வந்தார்கள். அப்போது கருத்துக்கணிப்புகளில் வார்னாக் பின்தங்கியிருந்தார். 2021 ஜனவரி 5 அன்று நடந்த இரண்டாம் சுற்றுத் தேர்தலில் வென்றார். அவர்கள் ஆடாமல் இருந்தது ஓரிரு நாள்தான். யாரிடம் எதைக் கேட்பது என்ற வேலையைப் பருவம் முழுக்கச் செய்தார்கள். ஆண்கள் லீக்கைவிட இவர்களிடம் எனக்கு மதிப்பு அதிகம் என்றால் காரணம் இதுதான்.

பேஸ்பாலில் அந்த வாரம் நடந்தவை இன்னும் குழப்பமானவை. நியூயார்க் மெட்ஸ் அணியின் டாமினிக் ஸ்மித் புதனன்று ஆடினார். தேசிய கீதத்தின்போது தனி ஒருவராக மண்டியிட்டார். ஆட்டம் முடிந்து செய்தியாளர்களிடம் பேசும்போது அழுதுவிட்டார். அடுத்த நாள் அவருடைய அணியும் மயாமி மார்லின்ஸும் களத்துக்கு வந்து, 42 வினாடி தலைகுனிந்து நின்று, ஆடாமல் திரும்பிவிட்டன. 42 என்பது பேஸ்பாலில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனின் சட்டை எண். ஆனால் சிகாகோ கப்ஸின் ஜேசன் ஹேவர்ட் செய்ததைப் பாருங்கள். அவர் உட்கார்ந்தார், நாங்களும் ஆடவில்லை என்று தோழர்கள் வந்தபோது, நீங்கள் ஆடுங்கள் என்று அவரே அனுப்பிவைத்தார். உடன் உட்காருவதே எப்போதும் சரி என்று நான் சொல்லிக்கொண்டு வந்த வாதம் இங்கே இடிக்கிறது. இடிக்கட்டும். தோழர்கள் முதலில் அவரிடம் வந்து கேட்டார்கள். லெக்சிங்டனில் பில் ரஸ்ஸலிடம் யாரும் அப்படி வந்து கேட்டதாக இல்லை.

நம் ஊருக்கும் இந்த வரலாற்றில் ஒரு பக்கம் உண்டு. 1974 டேவிஸ் கோப்பை டென்னிஸ். சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடிய இந்திய அணி, கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று வீழ்த்தியது. அரையிறுதியில் சோவியத் அணியை வென்றது. இறுதியில் எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சியோடு ஆடுவதில்லை என்று இந்திய அரசு முடிவெடுத்தது. ஆடாமலே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. 1966, 1974, 1987 என மூன்று முறை இறுதிவரை வந்தும் இந்தியா அந்தக் கோப்பையை இதுவரை வென்றதில்லை. 1974-ல் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. விஜய்க்கு அப்போது 20 வயது. பின்னாளில் அவர் அந்த முடிவு சரி என்றே பேசியிருக்கிறார். ஆனால் எடைபோடும் பொறுப்பு அவர்கள் தோளில் இல்லை. அரசு சொன்னது, அணி கேட்டது. ஜார்ஜ் ஹில்லுக்குப் பின்னால் அரசு இல்லை, லீக் இல்லை, சங்கம்கூட இல்லை. முடிவெடுக்க அவருக்குக் கிடைத்தது ஒரு பிற்பகல்.

கடைசியாக, எட்டு மாதம் கழித்து நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். 2021 ஏப்ரல் 11 அன்று, ஜார்ஜ் ஃபுளாய்டு கொலை வழக்கு மினியாபொலிஸ் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே, அதன் புறநகரான புரூக்ளின் சென்டரில் டாண்டே ரைட் என்ற 20 வயது இளைஞரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் அந்தப் பகுதியில் மூன்று ஆட்டங்கள் நடப்பதாக இருந்தன: ட்வின்ஸின் பேஸ்பால், டிம்பர்வுல்வ்ஸின் கூடைப்பந்து, வைல்ட் அணியின் ஐஸ் ஹாக்கி. மூன்றையும் அணி நிர்வாகங்களும் லீக்குகளும் தாங்களே ஒத்திவைத்தன. எந்த வீரரும் எழுந்து நின்று 'நான் இறங்க மாட்டேன்' என்று சொல்ல வேண்டி வரவில்லை. அது வீரர்கள் வாங்கித்தந்த மரியாதை என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. அவர்கள் கையிலிருந்த கருவியை நிர்வாகம் நாசூக்காகத் தன் கைக்கு மாற்றிக்கொண்டதோ என்றும் தோன்றுகிறது. ஏனெனில் அந்த ஒத்திவைப்போடு எந்தக் கோரிக்கையும் வரவில்லை, யாரும் எந்தச் சட்டமன்றத்தையும் கூப்பிட்டுப் பேசவில்லை. டிம்பர்வுல்வ்ஸ் அடுத்த நாளே அந்த ஆட்டத்தை ஆடி முடித்தது.